தேக்கந்தோப்பு ரெசிடென்சியில் வண்டு அடையாளம் காணப்பட்ட வரலாறு

நியாயமாகப் பார்த்தால், இந்த ஆண்டு விஞ்ஞானத்துக்காக உலகம் தருகிற பெரிய பரிசு சரவணம்பட்டிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பரிசு கொடுப்பவர்களுக்கு நம் ஊர் பஸ் ரூட் தெரியாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு வண்டை, நூற்றிருபது குடும்பங்கள் ஒன்றுகூடி, ஆறு கூட்டம் போட்டு, மூன்று துணைக்குழு அமைத்து, நாற்பத்தோரு நாளில் அடையாளம் கண்டது இதற்கு முன் எந்த நாட்டிலும் நடந்ததில்லை. அந்த மகத்தான பணியைத் தொடக்கம் முதல் இறுதிவரை முன்னின்று தாமதப்படுத்தியவன், மன்னிக்கவும், வழிநடத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் வளாகத்தின் பெயர் தேக்கந்தோப்பு ரெசிடென்சி. தோப்பு கிடையாது. தேக்கும் கிடையாது. கட்டிடம் கட்டும்போது நின்றுகொண்டிருந்த ஒரே வேப்பமரத்தையும் பில்டர் கார் பார்க்கிங்குக்காக வெட்டிவிட்டு, அந்த இடத்தில் 'பசுமையைக் காப்போம்' என்று தகரப் பலகை வைத்தார். பெயருக்காவது ஒரு தேக்கு வேண்டாமா என்று போன வருடப் பொதுக்குழுவில் தொண்டை கரகரக்கப் பேசியவன் அசோசியேஷன் செயலாளராகிய நான்தான். ஹாலில் பன்னிரண்டு பேர் உட்காரும்படி அசல் பர்மாத் தேக்கில் ஒரு மேசை செய்வது என்று கைதட்டலோடு தீர்மானம் நிறைவேறியது.

மர டெப்போவுக்குப் போவது, பலகை பார்ப்பது, ஆசாரியைப் பிடிப்பது என்று எல்லாவற்றுக்கும் நான் ஒருவனாகவே அலைந்தேன். கூட வருகிறேன் என்று கிளம்பியவர்களையும், "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று படியிலேயே தடுத்துவிட்டேன். சேவை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். மேசை வந்தது. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படியொரு வார்னிஷ். முன்பக்கம் 'அசல் பர்மாத் தேக்கு' என்று பொறித்த பித்தளைத் தகடு. அந்தத் தகடு அசல் பித்தளை என்பதை நான் எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

எங்கள் வளாகத்தில் முக்கியமான வேலைகள் இரண்டு. மாசாணியம்மாள் தரையைக் கூட்டுவார். நாங்கள் கூட்டம் கூட்டுவோம். பதினோரு வருடங்களாக இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் நடந்துகொண்டிருந்தன. ஒரு திங்கட்கிழமை மோதின. தலைவர் ஈஸ்வரமூர்த்தி கூட்டத்தை முடித்துவிட்டு எழுந்தபோது, அவருடைய கறுப்பு ஷூவில் மைதா மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. மேசைக்கடியில் குனிந்து பார்த்தால், அங்கங்கே குட்டிக் குட்டிக் கோபுரமாகப் பொடி.

"ஏனுங்க மாசாணி அம்மணி, இங்கெல்லாம் கூட்டறதில்லைங்களா?" என்றார் தலைவர்.

"காலைலதானுங்க கூட்டினேன். நேத்தும் கூட்டினேன். கூட்டக் கூட்ட உழுகுதுங்க சார். மேசைல ஓட்டை போட்டிருக்குதுங்க."

இங்கே தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போன தேர்தலில் அவர் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர். அன்றிலிருந்து யாராவது 'ஓட்டு வீடு' என்று சொன்னால்கூடத் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

"ஓட்டைப் போட்டிருக்குதா? மேசையிலயா? யாரு போட்டது?"

"வண்டுங்க."

"வண்டுன்னு யாருங்க நம்ம காம்பவுண்டுல? எந்த பிளாக்?"

"பிளாக்கெல்லாம் இல்லைங்க. இந்த மேசைக்குள்ளயே குடியிருக்குதுங்க."

"சொந்தமா, வாடகையா? வாடகைக்கு இருக்கறவங்களுக்கு நம்ம சட்டப்படி ஓட்டே கெடையாதுங்களே."

"வாடகையெல்லாம் குடுக்காதுங்க."

"எத்தனை இருக்கும்?"

"எண்ணிப் பாத்தனுங்க. நூத்தி நாப்பது ஓட்டை."

தலைவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நூத்தி நாப்பது கள்ள ஓட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "எனக்குப் போட்டதுங்களா, எதுத்து நின்னவனுக்குங்களா?" என்று கேட்டார்.

மாசாணியம்மாள் பேசிப் புரியவைக்க முடியாது என்று கண்டுகொண்டார். கையிலிருந்த சீமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, மேசைக் காலில் இருந்த ஒரு துளைக்குள் விட்டார். ஈர்க்கு பாதிக்கு மேல் உள்ளே போயிற்று. பொடி பொலபொலவென்று உதிர்ந்தது.

"உளுப்புங்க சார். வண்டு குடைஞ்சுபோட்டிருக்குது. வெரசாப் பாக்கோணுங்க. இல்லீன்னா காலு ஒடஞ்சு ஆரு மேலயாச்சும் உழுந்துபோடும்."

ஆக, பொடியைப் பார்த்த நாலாவது நிமிடத்திலேயே ஆள் யாரென்று சொல்லியாகிவிட்டது. மனிதகுலத்தின் அறிவுத் தேடல் அங்கேயே அற்பாயுசில் முடிந்து போயிருக்கும். நல்லவேளையாக நான் குறுக்கே புகுந்தேன்.

"தலைவரே, தேக்குல வண்டு வராதுங்க. இது தேக்கு. தகட்டைப் பாருங்க" என்றேன்.

தலைவர் தகட்டைப் பார்த்தார். எழுத்தில் இருப்பதை எதிர்த்துப் பேசும் பழக்கம் எங்கள் வளாகத்தில் இல்லை. மேசை தேக்கு. தேக்கில் வண்டு வராது. ஆகவே வண்டு இல்லை. வண்டு இல்லையென்றால் பொடி வெறும் தூசி. தூசி இருக்கிறதென்றால் யாரோ கூட்டவில்லை. தர்க்க சாஸ்திரம் என்பது இதுதான். அன்று மாலையே மாசாணியம்மாளுக்கு மெமோ போயிற்று. 'தூசியைக் கூட்டாமல் விட்டதுடன், அதற்கான பழியை இல்லாத ஒரு வண்டின் மேல் சுமத்திய தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?' என்று நானே டைப் செய்தேன். பொடிக்கு வேறு காரணம் நிரூபணமாகவில்லை என்றால், அடுத்த பொதுக்குழுவோடு அவரை நிறுத்திவிட்டு ஏஜென்சி ஆளை வைத்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று.

மாசாணியம்மாள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வேலை போனா வேற வேலை பாத்துக்கலாங்க. நாலு ஊட்ல கூப்புடறாங்க. ஆனா பதினோரு வருசமா கூட்டறவளக் கூட்டத் தெரியாதவன்னு எழுதிப்போட்டீங்களே. அந்தப் பேரோட வெளிய போறதுதானுங்க மனசுக்கு நெம்பக் கஷ்டமா இருக்குது."

அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியிருக்கும். மெமோ டைப் செய்த களைப்பில் இருந்தேன்.

மறுநாள் காலை விஷயம் தெய்வீகத் திருப்பம் எடுத்தது. பி பிளாக் பழனாத்தாள் கூரியர் வாங்க ஹாலுக்கு வந்தார். மேசைக்கு நேர் மேலே சுவரில் முருகன் படம். நேர் கீழே தரையில் வெள்ளைப் பொடி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டுப் பொடியைத் தொட்டு நெற்றி நிறையப் பூசிக்கொண்டார்.

"பழனிக்குப் போக முடியலைன்னு அழுதனுங்க. அவனே ஏ பிளாக் ஹாலுக்கு வந்துட்டானுங்க" என்றார்.

சாயங்காலத்துக்குள் வரிசை லிப்ட் வரை நின்றது. திருநீற்றில் வார்னிஷ் வாடை அடிக்கிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, "அது ஜவ்வாதுங்க" என்று பக்கத்தில் இருந்தவர் அடக்கினார். நான் இந்த ஆன்மிக எழுச்சியை மனமார வரவேற்றேன். பொடிக்கு என்ன விளக்கம் சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான், ஒரே ஒரு விளக்கத்தைத் தவிர. கையோடு மாசாணியம்மாளுக்கு இரண்டாவது மெமோவும் கொடுத்தேன். முதல் மெமோ கூட்டாததற்கு. இது, புனிதப் பொடியைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டதற்கு. ஒரே பொடிக்குக் கூட்டாததற்கும் கூட்டியதற்கும் தண்டனை வாங்கியவர் இந்த வட்டாரத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

முருகன் மூன்று நாள் இருந்தார். நாலாம் நாள் பழனாத்தாள் திருநீற்று டப்பாவைத் திறந்தபோது உள்ளேயிருந்து செம்பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி வண்டு வெளியே வந்து, அவர் விரல் மேல் ஏறி நின்றது. "அவனுக்கு மயிலுதானுங்களே வாகனம்?" என்று ஒரு கணம் குழம்பினாராம். பிறகு விரலை உதறிவிட்டு, நெற்றியை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்.

மக்கள் மறுபடி அறிவியலின் பக்கம் திரும்பினார்கள். நான் உடனே பொடி துணைக்குழு, ஓட்டை துணைக்குழு, வண்டு துணைக்குழு என்று மூன்றை அமைத்தேன். பொடியைப் பார்த்தவர் ஓட்டையைப் பார்க்கக்கூடாது, ஓட்டையைப் பார்த்தவர் வண்டைப் பார்க்கக்கூடாது என்பது விதி. பாரபட்சம் வந்துவிடுமல்லவா. மூன்று குழுவும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் விவாதித்தன. நடுவில் மேசை ஒரு மூலையில் லேசாகத் தாழ்ந்து, டீ டம்ளர்கள் தாமாகவே நகர ஆரம்பித்தன. ஈசானிய மூலை தாழ்ந்திருப்பது வாஸ்துப்படி வளாகத்துக்கே நல்லது என்று ஓட்டை துணைக்குழு குறிப்பு எழுதி வைத்தது.

அப்போதுதான் சி பிளாக் ஜெரோம் முன்வந்தார். ஐ.டி. பார்க்கில் டீம் லீடர். செயற்கை நுண்ணறிவை வைத்து மரத்துக்குள் கேட்கும் சத்தத்தைக் கொண்டே வண்டின் இனத்தைச் சொல்லிவிடும் ஆப் ஒன்றை ஒரே வாரத்தில் தயாரித்திருந்தார். பெயர் 'மரவொலி'. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, போனை மேசை மேல் வைத்தார்.

போன் யோசித்தது. 'மிக்ஸி. 71 சதவீதம்' என்றது.

"மேல் வீட்டுல சட்னி அரைக்கறாங்க. இன்னொருக்கா பாக்கலாங்க" என்றார் ஜெரோம்.

இரண்டாவது தடவை மிக்ஸி நின்றிருந்தது. அந்த அமைதியில் தலைவர் மட்டும் லேசாகத் தொண்டையைச் செருமினார். போன் சந்தோஷமாக மணியடித்தது. 'முதிர்ந்த ஆண் வண்டு. 98 சதவீதம்.'

தலைவர் நெடுநேரம் அந்தத் திரையையே பார்த்தார். "மீதி ரெண்டு சதவீதம் என்னங்க ஜெரோம்?"

"அது மனுசனா இருக்கறதுக்கு உண்டான வாய்ப்புங்க சார்."

விஞ்ஞானம் இப்படி வெற்றிநடை போட்டுக்கொண்டிருந்த வேளையில், மாசாணியம்மாள் யாரிடமும் அனுமதி வாங்காமல் ஒரு காரியம் செய்தார். பழைய குடையின் கறுப்புத் துணியைப் பிரித்து மேசைக்கடியில் விரித்து வைத்தார். மறுநாள் காலை அதில் விழுந்து கிடந்த இரண்டு வண்டுகளை மாத்திரை டப்பாவில் போட்டு மூடி, நேராக டி பிளாக்குக்கு எடுத்துப்போனார். அங்கே பிரத்யுஷா என்று ஒருவர் குடியிருந்தார். கல்லூரியில் பூச்சிகளைப் பற்றியே ஆறு வருடம் படித்து, இப்போது விதைக் கம்பெனியில் பூச்சிகளோடுதான் வேலை. எங்கள் மூன்று துணைக்குழுவிலும் அவர் கிடையாது. வாடகைக்கு இருப்பவர்.

நாற்பத்தோராம் நாள் பொதுக்குழு. மாசாணியம்மாளை வேலையில் வைப்பதா அனுப்புவதா என்பது முதல் பொருள். அவர் கதவோரம் நின்றார். இரண்டு மெமோவும் கையில் இருந்தன. பிரத்யுஷா மாத்திரை டப்பாவையும் ஒரு லென்சையும் மேசை மேல் வைத்தார்.

"கிட்ட வந்தாக் கடிக்குங்களா?" என்றார் தலைவர்.

"மனுசரைக் கடிக்காதுங்க சார். பாருங்க, ஒடம்பு ஒல்லியா நீளமா இருக்குது. மேல இருந்து பாத்தாத் தலை நல்லாத் தெரியுது. இதே மாதிரி இன்னொரு வகை இருக்குது, அதுக்குத் தலை முக்காடு போட்ட மாதிரி கீழ மறைஞ்சிருக்கும். இதோட மீசை நுனியில ரெண்டு குண்டு இருக்குது. ஓட்டை குண்டூசித் தலை அளவு. பொடியக் கையில தேச்சா நறநறன்னு இல்லாம முகத்துக்குப் போடற பவுடர் மாதிரி வழுக்குது. கரையானா இருந்தா இப்படிப் பொடி கொட்டாது, மண்ணு அப்பி வெச்சிருக்கும். இது பொடிவண்டுங்க. மாசாணிக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. அவங்க கூட்டாம இல்லை, இது கொட்டறதை நிறுத்தலை."

கதவோரத்தில் மாசாணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சபையில் ஒரு நிம்மதி பரவியது. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"இன்னொண்ணுங்க" என்றார் பிரத்யுஷா. "இந்த வண்டு தேக்கோட வைரத்தைத் தொடவே தொடாது."

பழனாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேசைக்குள்ள வைரம் வேற வெச்சிருக்குதுங்களா?"

"வைரம் வாங்கறதுக்கு நாம தீர்மானமே போடலையே" என்று தலைவர் பதறினார்.

"அந்த வைரமில்லைங்க. மரத்துக்கு நடுவுல கெட்டியா இருக்கற பாகத்துக்கு வைரம்னு பேரு. இந்த வண்டுக்கு மாவுச்சத்து வேணும். ரப்பர் மரம்னா அதுக்குக் கல்யாணச் சாப்பாடு. இது ரப்பர் மரத்து மேசைங்க. மேல தேக்கு கலர் சாயம்."

ஒவ்வொருவராகப் பித்தளைத் தகட்டைப் பார்த்தார்கள். இதுபோன்ற நேரத்தில்தான் ஒரு செயலாளரின் தகுதி வெளிப்படும். நான் எழுந்தேன்.

"மதிப்பிற்குரிய சபையோரே, மேசை தேக்கு என்பது நம் தீர்மானப் புத்தகத்திலேயே இருக்கிறது. தீர்மானம் பொய் சொல்லாது. அப்படியானால் தவறு யாரிடம்? வண்டிடம். இதுவரை தேக்கைத் தொடாத ஓர் இனம் நம் ஹாலுக்கு வந்து தேக்கைத் தின்கிறது என்றால், இது பழைய வண்டே அல்ல. உலகம் இன்னும் அறியாத புது வண்டு. நம் தலைவரின் ஆட்சிக் காலத்தில் கிடைத்திருக்கிறது. இதற்கு 'ஈஸ்வரமூர்த்தி வண்டு' என்று பெயர் சூட்ட முன்மொழிகிறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தலைவர் வெட்கத்தோடு சட்டைப் பொத்தானைத் திருகினார். "நம்ம பேரு எதுக்குங்க" என்றவர், "லத்தீன்லயும் எழுதுவாங்களா?" என்று கேட்டார். ஜெரோம் வழிமொழிந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பிரத்யுஷா கையைத் தூக்கினார்தான். வாடகைக்கு இருப்பவர்களின் கை கணக்கில் வராது.

"அப்ப எம் மெமோங்க?" என்று கதவோரத்திலிருந்து கேட்டது.

"புது இனம் தேக்கைத்தான் தின்றது என்று ஊர்ஜிதமாகும்வரை நிலுவையில் இருக்கும்" என்று நான் கனிவாகச் சொன்னேன்.

"அது ஒரு நிமிச வேலைங்க" என்றார் பிரத்யுஷா. "அசல் தேக்கு ஒரு துண்டு பக்கத்துல வெச்சுப் பாத்தா ரேகையிலயே தெரிஞ்சுபோகும். நம்ம காம்பவுண்டுல யாரு ஊட்லயாவது தேக்கு இருக்குதுங்களா?"

எல்லோரும் யோசித்தார்கள். பில்டர் கொடுத்த கதவுகள் அத்தனையும் அட்டையைப் பிழிந்து செய்தவை. எனக்கு உயிர் வந்தது. "பார்த்தீர்களா? இந்த மேசையைத் தவிர இந்த வளாகத்தில் ஒரு சாண் தேக்குகூடக் கிடையாது. ஆகவே சோதனைக்கு வழியில்லை. அடுத்த பொருளுக்குப் போவோம்" என்றேன்.

"இருக்குதுங்களே" என்றார் மாசாணியம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நம்ம செக்ரட்டரி சார் ஊட்டு வாசக்கதவுங்க. இந்த மேசை வந்த அதே வாரந்தான் மாட்டினாங்க. அந்த வராண்டாவும் நாந்தானுங்க கூட்டறேன். வருசம் ஒண்ணாச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒரு சிட்டிகைப் பொடி உழுந்ததில்லை. நெம்ப நெம்ப நல்ல தேக்குங்க."

என் வாழ்நாளில் என் வீட்டுப் பொருள் ஒன்றை இவ்வளவு மனதாரப் புகழ்ந்தவர் வேறு யாருமில்லை. நன்றி சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் எல்லோருடைய பார்வையும் மேசையிலிருந்து என் மேல் வந்துவிட்டது.

தலைவர் எழுந்து கதவோரம் போனார். "அந்த ரெண்டு காயிதத்தையும் குடுங்க அம்மணி" என்று வாங்கி, நாலாகக் கிழித்தார். கிழித்ததைக் கீழே போடப் போனவர், யார் கூட்டுவது என்று நினைத்தாரோ என்னவோ, தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் வந்தார்.

இறுதி அறிக்கைக்கான படிவம் நானே வடிவமைத்தது. காலையில்தான் பிரிண்ட் எடுத்திருந்தேன். 'தேக்கைத் தின்ற உயிரினத்தின் பெயர்' என்று ஒரு கோடு. அதற்குக் கீழே 'செயலாளர் கையெழுத்து' என்று இன்னொரு கோடு. தலைவர் அதை என் முன்னால் வைத்து, தன் சொந்தப் பேனாவையே மூடி கழற்றி நீட்டினார். எங்கள் ஊர் மரியாதைக்குக் குறைவே இல்லை.

"ரெண்டு கோடு எதுக்குங்க செக்ரட்டரி, உங்களுக்குச் சிரமம்? ஒண்ணுல போட்டாப் போதுங்க."

"எந்தக் கோட்டுலங்க தலைவரே?"

"மேல இருக்கறதுலங்க."